கடைக் கடன் கொப்பியும் கிறிஸ்தவ விசுவாசமும்: கொடுத்த கடனைக் கேட்பது சரிதானா?

கேள்வி – உப்புவெளிக் கடைக்காரி

திருகோணமலையில், உப்புவெளிப் பக்கத்தில், நானும் என் கணவரும் சிறிய பலசரக்குக் கடை ஒன்றை நடத்துகிறோம். நாங்கள் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர்கள். எங்களிடம் சாமான் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் கடற்றொழில் செய்யும் குடும்பத்தினர். கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால் வள்ளங்கள் கரையேறிவிடும். அதன்பின் தை, மாசி வரை அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில் எழுதித்தான் போகும். தொழில் திரும்பியதும் சிலர் தாமாகவே வந்து கட்டிவிடுவார்கள், சிலர் சிறுகச் சிறுகக் கட்டுவார்கள், சிலர் எங்கள் வாசலைத் தவிர்த்து அடுத்த ஒழுங்கையால் போகத் தொடங்குவார்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இது எங்களைக் கடுமையாகத் தாக்கியது. கொப்பியில் நின்ற பழைய தொகை கைக்கு வந்து சேர்ந்தபோது, அதைக் கொண்டு அதே சாமானில் ஏறத்தாழப் பாதியைத்தான் வாங்க முடிந்தது. நகரத்து மொத்த வியாபாரி எங்களுக்கும் தவணைதான் தருகிறார். அது தவறினால் அடுத்த சாமான் வராது. ஆகவே கடனுக்குக் கொடுக்கும் சாமானுக்குச் சற்றுக் கூடிய விலை எழுதத் தொடங்கினோம். அது வட்டியாகுமா என்ற உறுத்தல் எனக்கு இருக்கிறது.

இவ்வளவையும் இங்கே எழுதுவதற்குக் காரணம், எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவரே, கணக்கைப் பற்றிக் கேட்டபோது, "கிறிஸ்தவர்களாய் இருந்துகொண்டு இப்படி நெருக்குகிறீர்களே" என்று சொன்னதுதான். கைம்மாறு கருதாமல் கடன் கொடுங்கள் என்று லூக்கா 6:35இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார். ஞாயிறு ஆராதனையில் அவரும் நானும் ஒரே வரிசையில் நின்று, எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கு மன்னியும் என்று ஜெபிக்கிறோம். அப்படியானால் கேட்பதே பாவமா? இன்னொருவர் தம்முடைய படகு இயந்திரத்தை அடகாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கி வைக்கலாம் என்பது என் கணவரின் எண்ணம். சபையாருக்கு ஒரு முறை, மற்றவர்களுக்கு வேறு முறை என்று நடப்பது நியாயமா என்பதும் விளங்கவில்லை. போதகரிடம் கேட்டேன், ஜெபியுங்கள் என்றார். ஜெபிக்கிறேன், ஆனால் மாதக் கடைசியில் கணக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பதில் – கரைவலைக்காரன் மகன்

சகோதரி, நான் கத்தோலிக்கன். கொப்பியில் பெயர் எழுதப்பட்ட வீட்டில் வளர்ந்தவன். ஆகவே அந்தப் பக்கத்தின் நடைமுறையை முதலில் சொல்கிறேன். கடல் திறந்தவுடன் கையில் காசு புரளும் என்று கடைக்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில், சம்மாட்டியிடம், அதாவது தொழிலுக்குப் பணம் கொடுக்கும் மீன் முதலாளியிடம், முற்பணம் வாங்கியவன் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். அதில் முதலில் முற்பணம் கழியும், பிறகு எண்ணெய்ச் செலவு கழியும், அதற்குள் வீட்டுப் பெண்கள் எடுத்த நுண்கடனுக்குக் கிழமைத் தவணை கேட்டு ஆள் வந்துவிடும். அந்தக் கடன்கள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யப்போவதாக 2018இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்ததை நினைத்துப் பாருங்கள். நம் மாவட்டமும் அவற்றில் ஒன்று. இந்த வரிசையில் பலசரக்குக் கடை கடைசியில் நிற்கிறது, ஏனென்றால் உரத்துக் கேட்காதவர் அவர் ஒருவர்தான். ஆகவே கேளுங்கள். மார்கழியில் கேட்காமல், தொழில் நன்றாக நடக்கும் வைகாசியில் கேளுங்கள்.

இயந்திர விடயத்தில் திருநூல் மிகத் தெளிவாகப் பேசுகிறது. இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தை, அதாவது உங்கள் வேதாகமத்தில் உபாகமத்தை, எடுத்துப் பாருங்கள். ஆறாம் வசனம், மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது என்கிறது, ஏனென்றால் அது ஒருவனுடைய உயிரையே அடகாக வாங்குவது போலாகும். நம் கரையில் திரிகைக் கல்லின் இடத்தில் இருப்பது படகு இயந்திரமும் வலையும்தான். இயந்திரம் உங்கள் கடையின் பின்னறையில் கிடந்தால், அவர் எதைக் கொண்டு கடலுக்குப் போய் உங்கள் கடனைக் கட்டுவார்?

அதே அதிகாரத்தின் 10ஆம் 11ஆம் வசனங்கள் அதைவிட நுட்பமானவை. அடகு வாங்கப் போகிறவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவந்து தரவேண்டும். கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் மறுக்கவில்லை. வாசற்படியைத் தாண்டும் உரிமையைத்தான் மறுக்கிறது. கடைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், நாலு பேர் நிற்கும்போது பழைய கணக்கை எடுக்கக் கூடாது. பாண் வாங்க வந்த பிள்ளையிடம், அப்பாவைக் காசு தரச் சொல் என்று சொல்லி அனுப்பக் கூடாது. இந்த இரண்டாவது எனக்கு நடந்திருக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்

முதலில் பலருக்குத் தெரியாத ஒரு சட்ட விடயம். வழக்குத் தொடரும் கால எல்லையை விதிக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்ற சாமானுக்கான கடைக் கணக்குக் கடனுக்கு, அது கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ அந்த ஓராண்டுக் கால எல்லை புதிதாகத் தொடங்கும். மோசேயின் சட்டம் ஏழாம் ஆண்டில் கடன்களிலிருந்து விடுதலை கொடுத்தது. நம் நாட்டுச் சட்டம் கடைக்காரருக்கு அவ்வளவு பொறுமைகூடக் காட்டவில்லை. ஆகவே கொப்பியில் கிடக்கும் பழைய பக்கங்களில் பலவற்றுக்கு மனச்சாட்சியைத் தவிர வேறு நீதிமன்றம் இல்லை. நீதிமன்றக் கதவு மூடப்பட்டதால் கடனே இல்லாமற் போயிற்று என்று கடன்பட்டவர் எண்ணினால், சங்கீதம் 37:21 அவருக்கு எழுதப்பட்டது: வாங்கிவிட்டுத் திருப்பிச் செலுத்தாதவனை அது துன்மார்க்கன் என்றே அழைக்கிறது.

அடுத்து, உங்களை நெருக்குபவர் என்று குறை சொன்னவரின் வாதத்துக்கு வருகிறேன். மத்தேயு 18ஆம் அதிகார உவமையில், அரசனிடம் பட்ட பெருங்கடன் மன்னிக்கப்பட்ட ஊழியன் ஒருவன் தன் உடன் ஊழியனிடம் கடனைக் கேட்கிறான். அந்த உடன் ஊழியன் பட்டிருந்த கடன் நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாட்கூலி என்பது அதே சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்படியானால் அது நூறு நாள் உழைப்பு, கூலிக்காரன் ஒருவனுக்குப் பெருந்தொகை. ஆண்டவர் அதை அற்பமான கடன் என்று சொல்லவில்லை, கேட்டதற்காகவும் அந்த ஊழியனைக் கண்டிக்கவில்லை. பத்தாயிரம் தாலந்து, அதாவது ஏறத்தாழ ஆறு கோடி நாட்கூலி, தனக்கு மன்னிக்கப்பட்ட சற்று நேரத்திலேயே மற்றவனின் கழுத்தைப் பிடித்து நெரித்ததும், பொறுத்துக்கொள்ளும் என்று அவன் கெஞ்சியும் சிறையில் போட்டதும்தான் அங்கே குற்றம்.

என் கருத்து இதுதான்: கட்ட வழியே இல்லாதவரின் கணக்கை வெட்டிவிடுங்கள், வெட்டியதை அவரிடம் தனியே சொல்லியும் விடுங்கள். மனதில் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு கொப்பியில் வைத்திருந்தால், அவர் உங்கள் கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் தலைகுனிந்துதான் போவார். கட்டக் கூடியவரிடமோ கட்டாயம் கேளுங்கள். அவர் கட்டாத பணத்தைக் கடைசியில் உண்மையான ஏழையே சுமப்பார், ஏனென்றால் நீங்கள் கடன் கொடுப்பதை நிறுத்தும்போது முதலில் வெறுங்கையுடன் திரும்புகிறவர் அவர்தான். பவுலும் 2 கொரிந்தியர் 8:13இல், மற்றவர்களுக்கு இலகுவும் உங்களுக்கு வருத்தமும் உண்டாகும்படி இதைச் சொல்லவில்லை என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்.

பதில் – கிண்ணியா வியாபாரி

நான் முஸ்லிம், ஆனாலும் இதே தொழிலில் இருப்பதால் எழுதுகிறேன். கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்று குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் 280ஆம் வசனம் சொல்கிறது. இரண்டு வசனம் தள்ளி, தவணைக் கடனை எழுதிவையுங்கள் என்றும் சொல்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வியாபாரம். நாங்கள் வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் அரிசியும் மாவும் பால்மாவும் மட்டும் கடனுக்குப் போகும். மதம் பார்த்து ஒரு சலுகை கொடுத்தீர்களானால், மூன்று இனமும் வாழும் நம் ஊரில் அது மறுநாளே தெரிந்துவிடும், சகோதரி.

கேள்வி கேட்டவர் – உப்புவெளிக் கடைக்காரி

எல்லோருக்கும் நன்றி. இயந்திரத்தை வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டோம். திரிகைக் கல் வசனத்தை என் கணவரிடம் வாசித்துக் காட்டியதற்குப் பிறகு அவர் மறுபேச்சுப் பேசவில்லை. என்னைக் குறை சொன்ன சபையார் முச்சக்கர வண்டி வைத்து நன்றாகவே உழைக்கிறார். மத்தேயு 18:15 சொல்வதைப் போல, அவரும் நாங்களும் மட்டுமாக இருக்கும் நேரத்தில் பேசப் போகிறோம். ஆனால் கூடிய விலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. மொத்த வியாபாரி எங்களிடம் தவணைக்குக் கூட்டி வாங்கும்போது, நாங்கள் மட்டும் எப்படிக் கூட்டாமல் கொடுப்பது?

பதில் – இறையியல் மாணவன், திருமலை

அக்கா, இந்தக் கேள்விக்குத் திருச்சபை வரலாற்றில் நேரடியான பதிலே இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு வசதியாக இராது. லேவியராகமம் 25:37 வறுமைப்பட்ட சகோதரனுக்குப் பணத்தை வட்டிக்குக் கொடுப்பதை மட்டுமல்லாமல், தானியத்தையும் இலாபத்துக்குக் கடனாகக் கொடுப்பதைத் தடுக்கிறது. பலசரக்குக் கடைக்கென்றே எழுதியது போல இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் இதையே வியாபாரத்துக்கு விரித்து, பணத்துக்காகக் காத்திருப்பதைக் காரணமாக வைத்து நியாய விலைக்கு மேல் விற்றால் அது வட்டியேதான் என்றார். அதே இடத்தில், பணம் விரைவாகக் கிடைக்கும்படி விற்பவர் நியாய விலையிலிருந்து குறைத்துக் கொடுத்தால் அதில் குற்றமில்லை என்றும் சொல்கிறார். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் வகுப்பில் சிரித்தேன். ஆனால் நடைமுறையில் வேறுபாடு பெரிது. எல்லோருக்கும் ஒரே விலையைப் பலகையில் எழுதி, உடனே காசு தருபவருக்குச் சிறு கழிவு கொடுத்தால், கடனாளி தனக்குத் தெரியாத தொகை ஒன்றைக் கொப்பியில் சுமக்க மாட்டார். வட்டியை ஓரளவு அனுமதித்த புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதி கல்வின்கூட ஏழையிடம் வாங்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே அரிசிக்கும் மாவுக்கும் பால்மாவுக்கும் இந்த வேறுபாடே வேண்டாம் என்பது என் எண்ணம். மொத்த வியாபாரி கூட்டும் தொகையைச் சவர்க்காரம், பிஸ்கட் போன்றவற்றின் பலகை விலையில் எல்லோருக்கும் பொதுவாகப் பகிர்ந்துவிடலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. யோசேப்பு எகிப்தில் விளைச்சல் நிறைந்த ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்தான். தொழில் நடக்கும் மாதங்களில் விரும்புகிற குடும்பங்கள் கிழமைதோறும் ஒரு சிறு தொகையை உங்களிடம் முற்பணமாகத் தந்து, கார்த்திகைக்குப் பிறகு சாமானாக எடுத்துக்கொள்ளலாம். மொத்த வியாபாரியிடம் கைக்காசுக்கு வாங்க உங்களுக்கும் அது உதவும்.

கேள்வி கேட்டவர் – உப்புவெளிக் கடைக்காரி

பலகை யோசனையை இந்த மாதமே தொடங்கலாம், தம்பி. முற்பணத்தைப் பற்றி ஒரு சந்தேகம்: அதை யாருடைய பெயரில் எழுதுவது? சில வீடுகளில் கணவர் நடுவில் வந்து காசைத் திருப்பிக் கேட்பார் என்று பயமாக இருக்கிறது.

பதில் – கரைவலைக்காரன் மகன்

மனைவியின் பெயரில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கையில் இருந்த காசு மட்டும்தான் மார்கழி வரை வந்து சேர்ந்தது.

பதில் – ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர்

வைப்புப் பணம் என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டும். சாமானுக்கான முற்பணம் என்று திகதியிட்டுப் பற்றுச்சீட்டு எழுதி, சாமானாக மட்டுமே திருப்பித் தரப்படும் என்பதையும் அதில் குறித்து, ஒரு பிரதியை அந்தப் பெண்ணிடமே கொடுங்கள். கணவர் வந்து கேட்டால் அந்தத் துண்டைக் காட்டிவிடலாம்.