புதுப்பிப்பு: 40 நிமிஷ தியானத்த விட்டுட்டு 10 நிமிஷத்துக்கு வந்துட்டேன்

போன மாசம் இங்க எழுதியிருந்தேன்ல, காலைல 5 மணிக்கு எழுந்து 40 நிமிஷம் உட்கார முடியல, ஆபீஸ் கால் ராத்திரி 11 வரை போகுது, தியானத்தையே விட்டுடலாமான்னு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விடல.

ஒருத்தர் ஹெர்பர்ட் பென்சன் பத்தி சொல்லியிருந்தீங்க, ஹார்வர்ட்ல இருந்த இதய டாக்டர், தியானம் பண்றவங்கள லேப்ல உட்கார வச்சு அளந்து பாத்து, ஆக்ஸிஜன் செலவு குறையுது மூச்சு மெதுவாகுதுன்னு 1970கள்லயே எழுதினவர். அவர் சொன்ன முறை இவ்ளோதான்: வசதியா உட்கார்ந்து கண்ண மூடி, பாதத்துலேர்ந்து முகம் வரை தசையெல்லாம் தளர விட்டு, மூச்சு வெளிய போறப்ப ஏதாவது ஒரு வார்த்தைய மனசுக்குள்ள சொல்லணும், 10லேர்ந்து 20 நிமிஷம், அலாரம் வேண்டாம், நடுவுல கண்ண தொறந்து மணி பாத்துக்கலாம். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கணும், அதனால லஞ்ச் முடிஞ்ச உடனே வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே உதவினது பென்சன் சொன்ன வேற ஒண்ணு. யோசனை வந்தா "சரி, இருக்கட்டும்"னு விட்டுட்டு திரும்ப அந்த வார்த்தைக்கு வந்தா போதும், நல்லா பண்றோமான்னு கணக்கே பாக்கக் கூடாதுங்கறார். நான் இத்தன நாள் அந்தக் கணக்குலதான் களைச்சுப் போயிருக்கேன்.

இப்ப சாயங்காலம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல சீட் கிடைச்சா கிண்டிலேர்ந்து தாம்பரம் போற வழில 10 நிமிஷம் இதான். சில நாள் தூங்கிடறேன், பரவால்ல.

பிபி மாத்திரை பத்தி கேட்ட அக்காவுக்கு: இத நம்பி மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.