அனுமதிப்பத்திரத்தை நீதிபதியே வழங்கியிருக்கக் கூடாதா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
என் மாமாவின் நெல் ஆலைக்குரிய அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க உள்ளூராட்சி மன்றம் மறுத்தது. அவரிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. அந்த முடிவு சட்டப்படியானதா என்று பார்க்கும்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனு தாக்கல் செய்தோம். நீதிபதி அந்த மறுப்பை இரத்துச் செய்தார்; ஆனால், மாமாவை விசாரித்துப் புதிதாக முடிவெடுக்குமாறு விடயத்தை அதே மன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். தவறைக் கண்டவர் அனுமதியையும் வழங்கியிருக்கலாமே?

பதில் (கல்முனை):
சகோதரர், எழுத்தாணை மனு மேன்முறையீடு அன்று. இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அளித்த இந்த அதிகாரத்தின் கீழ், மன்றத்துக்குச் சட்டத்தில் இடம் இருந்ததா, பாதிக்கப்படுபவரின் பக்கம் கேட்கப்பட்டதா, நியாயமுள்ள எவரும் எடுக்க முடியாத முடிவா என்பவற்றையே நீதிபதி பார்க்கிறார். ஆலையின் இரைச்சல், உமித்தூசு, அயலவரின் முறைப்பாடு ஆகியவற்றை எடைபோடுவது மக்கள் தெரிவுசெய்த மன்றத்தின் வேலை. அயலவர்கள் வழக்கில் தரப்பினராக இல்லாதபோது, அவர்களைக் கேளாமல் நீதிபதி அனுமதி கொடுத்திருந்தால், உங்கள் மாமாவுக்கு மன்றம் செய்த அதே அநீதியை அவர்களுக்கு நீதிமன்றம் செய்ததாகிவிடும்.

பதில் (மட்டக்களப்பு):
கொள்கை சரி. ஆனால் பெரும்போக அறுவடை முடிந்த பின்னர் வரும் முடிவால் ஆலைக்காரருக்கு என்ன பயன்? கால எல்லை குறிக்காமல் திருப்பி அனுப்புவதைத் தன்னடக்கம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை, சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தலாகாது என்கிறது. அது நீதிபதிகள் மீது விதிக்கப்பட்ட வேலி. இங்கோ நீதிபதியே எல்லை வகுக்கிறார். அதனால் அதன் விளைவுக்கும் அவரே பொறுப்பு.

பதில் (அக்கரைப்பற்று):
எல்லை அறிந்த நீதிமன்றம் கோழை நீதிமன்றம் ஆகிவிடாது. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, உயர் நீதிமன்றத்தின் 7 நீதியரசர்கள் டிசம்பர் 13 அன்று ஒருமனதாக அதனைச் செல்லாததாக்கினர். பாராளுமன்றம் முதலில் கூடி நான்கரை ஆண்டுகள் நிறைவடைவதற்கு முன் கலைப்பதாயின் அதன் மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தீர்மானம் வேண்டும் என்று அன்றைய அரசியலமைப்பே கூறியிருந்ததால், அங்கே தயங்கி நிற்க நியாயம் இருக்கவில்லை. கலைப்பது நாட்டுக்கு நல்லதா என்ற அரசியல் கேள்வி வேறு. அதற்கு விடை சொல்வது நீதியரசர்களின் வேலையன்று.

பதில் (கல்முனை):
மட்டக்களப்பு நண்பர் கால எல்லை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். உங்கள் சட்டத்தரணி மூலம் விசாரணைத் திகதியை எழுத்தில் கேளுங்கள். மன்றம் வாளாவிருந்தாலோ, பழைய மறுப்பையே காரணமின்றித் திருப்பிச் சொன்னாலோ, கடமையைச் செய்யுமாறு கட்டளையிடும் எழுத்தாணையைக் கோரலாம். சட்டப்படி ஒரேயொரு முடிவுதான் சாத்தியம் என்ற நிலை வந்துவிட்டால், அந்த முடிவையே எடுக்கும்படி பணிக்க நீதிபதிக்குத் தடையில்லை.