வெள்ளவத்தை வீட்டார் குழு: சலாது றாக்கைக்கு எந்த லைற்?

வியாழன் இரவு

தர்ஷினி: எல்லாருக்கும் வணக்கம். பின் அறையில் நாலு தட்டு றாக்கை ஒன்று வெறுமனே நிற்கிறது. அதில் சலாது இலை, புதினா, கொஞ்சம் துளசி வளர்க்க ஆசை. பக்கத்துக் கட்டடம் எழும்பிய பிறகு அந்த ஜன்னலால் வெயில் எட்டியும் பார்ப்பதில்லை. லைற் போட்டுத்தான் வளர்க்க வேண்டும். எதை வாங்கலாம்?

அபி: அக்கா, வாங்கவே தேவையில்லை. என் கூட்டாளியின் அப்பா ஸ்டோர் ஒன்றைத் துப்புரவாக்குகிறார். 400 வாட் சோடியம் பல்ப், சோக், பல்பைப் பற்றவைக்கிற இக்னைற்றர், பெரிய அலுமினிய ரிஃப்ளெக்டர், எல்லாம் செட்டாகச் சும்மா தருகிறாராம். வெளிநாட்டில் வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்கள் இதைத்தான் போடுகிறார்கள் என்று வீடியோவில் பார்த்தேன்.

ரமணி பெரியம்மா: றோட்டில் மஞ்சளாக எரியுமே, அதுவா? வீட்டுக்குள்ளா?

குகன் மாமா: ஓம் அக்கா, அதே இனம்தான். அபி, சோக்கில் ஒட்டியிருக்கிற லேபலைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பிளக்கில் மட்டும் செருகிப் பார்க்காதே.

அபி: படம் அனுப்பிவிட்டேன் மாமா. எஸ்.ஓ.என் 400 வாட், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறது. கீழே டி.டபிள்யூ 130, டெல்டா டி 70 என்றும் இருக்கிறது.

குகன் மாமா: நல்லது, லேபல் அழியாமல் இருக்கிறது. எஸ்.ஓ.என் என்றால் சோடியம் பல்புக்கான சோக். இதில் 250 வாட் பல்பைப் போட்டால் கரண்ட் அளவுக்கு மிஞ்சி ஓடிப் பல்ப் கெட்டுவிடும். இதே இனத்தில் வெள்ளையாக எரிகிற மெற்றல் ஹலைட் பல்ப் போடுவதென்றால் அது இந்தச் சோக்கோடும் இந்த இக்னைற்றரோடும் ஒத்துப்போகும் என்று பல்ப் செய்தவர்களே எழுதியிருக்க வேண்டும். இந்த இன பல்புகளில் உள்ளே வாயுவூடாகக் கரண்ட் பாய்கிறது. பாயப் பாயத் தடை குறைந்துகொண்டே போகும். தடுத்து நிறுத்த ஒன்று இல்லையென்றால் கரண்ட் ஏறி ஏறிப் பல்ப் வெடித்துவிடும். அந்தக் காவல் வேலையைச் செய்வதுதான் சோக். அதனால் பல்ப், சோக், இக்னைற்றர் மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும்.

குகன் மாமா: கீழே உள்ள இரண்டு இலக்கங்களையும் பார். உள்ளே இருக்கிற செப்புச் சுருள் 130 பாகை வரை தாங்கும். எரியும்போது சுற்றியுள்ள காற்றை விட 70 பாகை கூடச் சூடாகும். உங்கள் பின் அறை 32 பாகை என்று வை. சுருள் நூற்றைத் தாண்டிவிடும். சோக்குக்கு அது பிரச்சினை இல்லை. அறைக்குள் இருக்கிற சலாதுக்குத்தான் பிரச்சினை.

தர்ஷினி: அவ்வளவு சூடா?

குகன் மாமா: பல்ப் 400, சோக் தின்னுவது இன்னும் ஒரு 40. ஆக 440 வாட். சலாதுக்கு ஒரு நாளில் 14 மணித்தியாலம் வெளிச்சம் கொடுத்தால் 6 யுனிட்டுக்கு மேல், மாதத்துக்கு ஏறக்குறைய 185. வெளிச்சமாக வருவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் முடியும்.

ரமணி பெரியம்மா: 185 யுனிட்டா! நம் வீட்டு பில் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுகிறது. இது ஒன்றே எல்லாப் படியையும் தாண்டிவிடுமே. தர்ஷி, சலாதைக் கடையிலேயே வாங்கு பிள்ளை.

சுதன் அண்ணா: இங்கே கனடா லெமிங்டனில் இப்போது காலை. மாமா சொல்வது சரி. இந்தப் பக்கத்துக் கண்ணாடிப் பண்ணைகளில் தக்காளிக்கும் மிளகாய்க்கும் மேலே வரிசையாகச் சோடியம் பல்ப் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தை மாதத்தில் வெளியே பனி கொட்டும்போது அந்தச் சூடு இவர்களுக்கு வரவு. பல்ப் சூடு தந்தால் ஹீற்றருக்கு அவ்வளவு மிச்சம். இப்போது இங்கேயும் பலர் எல்ஈடிக்கு மாறுகிறார்கள்.

குகன் மாமா: அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். அந்த வீடியோக்கள் குளிர்நாட்டில் எடுத்தவை. கொழும்பில் வருஷம் முழுக்க வெக்கை. சலாது குளிர் விரும்பி, நுவரெலியாவில் செழிப்பது அதனால்தான். 30 பாகைக்கு மேல் போனால் இலை கசந்து, தண்டு நீண்டு, பூக்கப் பார்க்கும். நாம் காசு கொடுப்பது வெளிச்சத்துக்கு. கூட வருகிற சூடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. லைற் தெரிவுசெய்யும்போது முதலில் இதைப் பார், மற்றதெல்லாம் பிறகு.

அபி: அப்ப மெற்றல் ஹலைட்? அது வெள்ளையாகத்தானே எரியும்?

குகன் மாமா: நிறத்தில் அது மேல். சோடியத்தில் நீலம் குறைவு, இலைக்கீரை கால் நீண்டு சோர்ந்து வளரும். மெற்றல் ஹலைட்டில் நீலம் நன்றாக இருக்கிறது. ஆனால் சூடு அதே சூடுதான். கரண்ட் ஒரு கணம் போய் வந்தால் ஆறும்வரை பத்து நிமிஷமோ அதற்கு மேலோ எரியாது. 2022இல் இருந்த மின்வெட்டை நினைத்துப் பார். வெளிக் கண்ணாடி உடைந்தபடி எரிந்தால் புற ஊதாக் கதிர் வெளியே வந்து கண்ணையும் தோலையும் தாக்கும். படுக்கை அறைக்குப் பக்கத்தில் அதை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தர்ஷினி: ரியூப் லைற் போட்டால் போதாதா மாமா? அம்மா அறையில் கழற்றி வைத்த நாலடி ரியூப் இரண்டு கிடக்கிறது.

குகன் மாமா: இலைக்கீரைக்கு ரியூப் நல்ல சாமான்தான். ஆனால் கழற்றி வைத்தது வேண்டாம். கண்ணுக்கு நன்றாக எரிவது போலத் தெரிந்தாலும் பழைய ரியூப்பின் வெளிச்சம் குறைந்துபோயிருக்கும், செடிதான் அதைக் கண்டுபிடிக்கும். புதிதாக வாங்குவதென்றால் ரி5. ரி8இன் விட்டம் 26 மில்லிமீற்றர், ரி5 16 தான். மெலிந்தது என்பதால் ரிஃப்ளெக்டருக்குள் வடிவாக அடங்கும். 54 வாட் ரி5 ஒன்று 5000 லூமன் அளவில் தரும். ஆனால் அதற்குச் சோக்கின் வேலையைச் செய்கிற எலக்ட்ரோனிக் பலாஸ்ட்தான் வேண்டும். ஸ்டாட்டர் வைத்த பழைய சோக்கில் ரி5ஐ மாட்டக் கூடாது.

தர்ஷினி: ரிஃப்ளெக்டர் கட்டாயமா?

குகன் மாமா: ரியூப்புக்குக் கட்டாயம். அது சுற்றிவர எறிகிறது. மேலே போகிற பாதியைத் திருப்பிக் கீழே அனுப்பாவிட்டால் மேலே உள்ள தட்டின் அடிப்பக்கத்துக்குத்தான் வெளிச்சம் காட்டுவாய். எல்ஈடி ஒரு பக்கம்தான் எறியும், அதற்கு மேலே ரிஃப்ளெக்டர் தேவையில்லை. ஆனால் பக்கங்களை வெள்ளையாக்கு. ஓரத்தால் வெளியேறுகிற வெளிச்சம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அபி: சமையலறை அலுமினியத் தாள் ஒட்டினால்?

குகன் மாமா: வேண்டாம். கசங்கிய தாள் அங்கங்கே புள்ளி புள்ளியாகக் குவித்து அடிக்கும், போதாததற்குக் கரண்டும் கடத்தும். மினுக்கம் இல்லாத வெள்ளைப் பெயின்ற் அடித்த பிளைவூட் அதை விட நன்றாகத் திருப்பித் தரும், ஒரே சீராகவும் தரும். எல்ஈடி என்றால், சாமான் பெட்டிக்குள் வருகிற இலேசான வெள்ளை ரெஜிபோம் தட்டைக்கூடப் பக்கத்தில் வைக்கலாம். சோடியம் பல்புக்குப் பக்கத்தில் ரெஜிபோமைக் கொண்டுபோகவே கூடாது.

ரமணி பெரியம்மா: தம்பி, சுற்றி வளைக்காமல் பிள்ளை என்ன வாங்க வேண்டும் என்று சொல்லு.

குகன் மாமா: சரி அக்கா. தர்ஷி, ஒரு தட்டு எவ்வளவு நீளம் அகலம்?

தர்ஷினி: 120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம்.

குகன் மாமா: ஏறக்குறைய அரைச் சதுர மீற்றர். லூமன் என்பது மனுஷக் கண்ணுக்கான கணக்கு. செடிக்கு, ஒரு செக்கனில் விழுகிற ஒளித்துணிக்கைகளின் கணக்கான மைக்ரோமோல் என்று பார்ப்பார்கள். சலாதுக்குச் சதுர மீற்றருக்கு 200 முதல் 250 இருந்தால் காணும், 14 மணித்தியாலத்துக்கு. ஓரத்தால் போவதையும் சேர்த்தால் உன் தட்டுக்கு மொத்தம் 150 வேண்டும். சாதாரண நாலடி எல்ஈடி ரியூப், 20 வாட், 2000 லூமன், வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் என்று போட்டிருப்பது, ஒன்றுக்கு 30 தரும். ஆக ஐந்து ரியூப், 100 வாட். மாதம் 42 யுனிட். செடிக்கென்றே வருகிற தரமான எல்ஈடி வாட்டுக்கு இரண்டரை மைக்ரோமோல் தரும். அப்போது 60 வாட், 25 யுனிட்.

அபி: இணையத்தில் 1000 வாட் எல்ஈடி என்று மலிவாகப் போட்டிருக்கிறார்களே?

குகன் மாமா: பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதை விடு. பின்னால் சின்ன எழுத்தில், பிளக்கில் இருந்து உண்மையாக எத்தனை வாட் இழுக்கிறது என்று இருக்கும். 1000 என்று விற்பது பலவேளை 100 வாட் அளவில்தான் இழுக்கும். அந்த இலக்கமும் மைக்ரோமோல் கணக்கும் இரண்டுமே எழுதாத சாமானை வாங்காதே. ஊதா நிறத்தில் எரிவதும் வேண்டாம். இலை மஞ்சளாகிறதா, பூச்சி பிடித்ததா என்று அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது.

சுதன் அண்ணா: தர்ஷி, ஃபோனில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கிற ஆப் ஒன்று போடு. வெள்ளை எல்ஈடிக்கு லக்ஸை 68ஆல் பிரித்தால் மைக்ரோமோல் கிட்டத்தட்ட வரும். இலை மட்டத்தில் 14,000 முதல் 17,000 வரை காட்டினால் சரி. ஃபோனுக்கு ஃபோன் வித்தியாசம் இருக்கும், என்றாலும் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பார்க்க உதவும்.

தர்ஷினி: ஜன்னல் ஓரத்தில் இப்போதே வைத்துப் பார்த்தேன் அண்ணா. இரவு என்பதால் ஒன்றும் இல்லை.

சுதன் அண்ணா: நாளைக்கு மத்தியானம் பார். அங்கே ஆயிரம்கூட வராவிட்டால் ஜன்னலைக் கணக்கில் எடுக்காதே.

வெள்ளி மத்தியானம்

தர்ஷினி: பார்த்தேன், 700 தான். மாமா, அப்ப நாலு தட்டுக்கும் 20 ரியூப் வாங்கவா?

குகன் மாமா: பொறு பிள்ளை. 20 ரியூப் என்றால் 400 வாட். சுற்றி வந்து சோடியம் பல்பின் பில்லிலேயே நிற்பாய். ஒரு தட்டோடு தொடங்கு. புதினாவை அதன் ஓரத்தில் வை, அதற்குக் குறைவாக விழுந்தாலும் சமாளிக்கும். துளசிக்கு வெயில்தான் வேண்டும், அதை மொட்டை மாடிக்குக் கொண்டுபோ.

குகன் மாமா: ரியூப்பை இலையில் இருந்து 20 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிடு, வளர வளர உயர்த்தக்கூடிய மாதிரிச் சங்கிலி போடு. சின்ன ஃபேன் ஒன்று இலை இலேசாக ஆடும் அளவுக்குச் சுழலட்டும். காற்று ஓடாத இடத்தில் சலாதின் உள் இலை நுனி கருகும். ரைமர் மாலை 6 மணிக்குப் போட்டுக் காலை 8 மணிக்கு அணைக்கட்டும். இரவில் அறை குளிர்ந்திருக்கும்போது லைற் எரிந்தால் செடிக்குச் சுகம்.

ரமணி பெரியம்மா: தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் கரண்ட். அதைச் சொல்லு முதலில்.

குகன் மாமா: சொல்கிறேன் அக்கா. மல்ரிபிளக்கைத் தரையில் வைக்காதே, மேல் தட்டின் பக்கத்தில் அடித்து வை. வயர் பிளக்குக்கு நேரே இறங்காமல் கீழே ஒரு வளைவு போய்ப் பிறகு ஏற வேண்டும். வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ரிப் சுவிச்சின் ரெஸ்ற் பட்டனை அமத்திப் பார், விழாவிட்டால் மின்சார வேலைக்காரரைக் கூப்பிட்டு மாற்றும்வரை லைற்றைப் போடாதே.

அபி: அப்ப அந்தச் சோடியம் செட்டை வேண்டாம் என்று சொல்லவா?

குகன் மாமா: வேண்டாம் என்று சொல்லாதே, நல்ல சாமான். ஊர்க் கோயிலின் பின் வீதி இருட்டு. அங்கே மழை படாத கூட்டுக்குள் போட்டால் முழு வீதிக்கும் காணும். எடுத்து வரும்போது பல்பைத் தனியாகத் துணியில் சுற்று, உள்ளே பாதரசம் இருக்கிறது. கப்பாசிற்றரின் காலைத் தொடாதே, பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் கரண்ட் தங்கி நிற்கும்.

தர்ஷினி: நன்றி மாமா. நாளைக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறேன். ஐந்து ரியூப், ஒரு ரைமர், சங்கிலி.

குகன் மாமா: கடையிலேயே ஐந்தையும் எரித்துப் பார்த்து வாங்கு. எல்லாம் ஒரே 4000 கெல்வினா என்று பெட்டியில் பார். ஒன்று 6500 என்றாலும் செடிக்குப் பாதகமில்லை, திருப்பிக் கொடுக்கவென்று அலைய வேண்டாம்.