உட்காரும் இடத்துக்கு நிழல் தர, இலையுதிர்க்கும் சிறு மரம் எது?

கேள்வி – கன்னங்குறிச்சி வாசி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கன்னங்குறிச்சியில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் மேற்குப் பக்கத்தில் 12 அடிக்கு 10 அடி அளவில் ஒரு சிமென்டு மேடை போட்டிருக்கிறோம். மாலை நேரத்தில் அப்பா அங்கே நாற்காலி போட்டு உட்கார விரும்புகிறார். ஆனால் பங்குனி தொடங்கிவிட்டால் மாலை 4 மணிக்கும் அங்கே வெயில் முகத்தில் அறைகிறது. ஒரு மரம் வைக்கலாம் என்றிருக்கிறோம். அது 20 அடிக்கு மேல் போகக்கூடாது. கோடையில் அடர்ந்த நிழல் தர வேண்டும். மார்கழி, தையில் இலையை உதிர்த்து இளவெயிலை உள்ளே விட வேண்டும். சரக்கொன்றை, மந்தாரை, நாட்டு வாதுமை ஆகிய மூன்றும் எங்கள் மனத்தில் உள்ளன. மேலே செம்மண், 2 அடிக்குக் கீழே சுக்கான்பாறை (சுண்ணாம்பு கலந்து இறுகிய கெட்டிப் படிவம்). அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – அழகாபுரம் தோட்டம்

வணக்கம் ஐயா. மரத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அது எந்த மாதத்தில் இலை உதிர்க்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. குளிர்நாடுகளில் மரங்கள் குளிருக்காக இலையை உதிர்க்கின்றன. சேலம் போன்ற சமவெளியிலோ மண்ணில் ஈரம் வற்றும்போதுதான் உதிர்க்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த மரம் மார்கழியில் பெரும்பாலும் தழையோடு நிற்கும். மாசி, பங்குனியில்தான் மொட்டையாகும். எனவே நீங்கள் கேட்கும் ஒழுங்கில் இலை உதிர்க்கும் மரம் நம் ஊரில் கிடைப்பது அரிது.

சரக்கொன்றை சித்திரையில் மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டுக் கண்ணை நிறைக்கும். ஆனால் அந்த நேரத்தில் அதில் இலை குறைவு, நிழலும் குறைவு. மந்தாரையும் பூக்கும் காலத்தில் கிளைதான் தெரியும். வாதுமை நல்ல நிழல் மரம்தான் என்றாலும், ஆண்டுக்கு இருமுறை அகன்ற இலைகளை மேடை முழுவதும் கொட்டும்.

என் தேர்வு புங்கன். மாசியில் இலை பழுத்து உதிர்ந்தாலும் சில வாரங்களிலேயே பளபளவென்று இளந்தழை விட்டு, அக்கினி நட்சத்திரம் வருவதற்குள் கூரை போட்டதுபோல் மூடிக்கொள்ளும். அடுத்து வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் தரை முழுவதும் உதிர்ந்து கிடக்கும். தினமும் பெருக்க வேண்டும், தேனீயும் வரும். அப்பாவுக்கு அது பிடிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழி வெயிலுக்கு வேறொரு வழி உண்டு: நடும் திசை. வைகாசி மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கிலிருந்து சற்றே வடக்குப் பக்கமாக, ஏறக்குறைய 35 பாகை உயரத்தில் நிற்கும். நிழல் மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கிழக்கே விழும். மார்கழியிலோ அதே நேரத்தில் சூரியன் தென்மேற்கில் இருக்கும். மேடையின் நடுவிலிருந்து 12 அடி தள்ளி, மேற்கிலிருந்து சிறிது வடக்கே ஒதுக்கி நட்டால், கோடை நிழல் மேடையில் விழும். மார்கழி நிழலின் பெரும்பகுதி வடகிழக்கே விலகிவிடும். இலை உதிர வேண்டிய தேவையே இல்லை.

பதில் – மலையடிவாரத்துக்காரர்

மேலே நண்பர் சொன்ன திசைக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் புங்கனைக் கவாத்து செய்யாமல் விட்டால் 40 அடியும் தாண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். 20 அடிக்குள் அடக்க வேண்டுமென்றால் ஆண்டுதோறும் வெட்டிக் கொடுக்க ஆள் வேண்டும். அது முடியாதென்றால் வெட்பாலையைப் பாருங்கள். நம் மலையடிவாரத்துக் காட்டில் தானாகவே வளரும் சிறு மரம். கல் மண்ணையும் வறட்சியையும் தாங்கும். வெண்ணிறப் பூக்களுக்கு மெல்லிய மணம் உண்டு. காய்கள் இரண்டிரண்டாக, நுனி ஒட்டிக்கொண்டு தொங்குவதே பார்க்க அழகு. புங்கன் அளவுக்கு நிழல் அடர்த்தி இல்லை, வளர்ச்சியும் மெதுவானது. கிளை ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் குழந்தைகளின் கண்ணுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் நிழல் வேண்டுமென்று முருங்கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். கோடை மழைக்கு முன் அடிக்கும் காற்றில் அதன் கிளை முறிந்து விழும். மழைக்குப் பின் கம்பளிப்பூச்சி அடையும். உட்காரும் இடத்துக்கு அது ஆகாது.

பதில் – ஏற்காட்டிலிருந்து

கேள்வி கேட்டவர் விரும்பும் ஒழுங்கு மலைமேல் ஓரளவு கைகூடும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பேரி மரம் குளிர்காலத்தில் இலை உதிர்த்து, குளிர் விலகும்போது பூத்துத் துளிர்க்கிறது. ஏற்காட்டில் வீடு உள்ளவர்கள் அதை வைக்கலாம். பழம் விழும் காலத்தில் வண்டும் வௌவாலும் வரும் என்பதால் நாற்காலிக்கு நேர் மேலே கிளை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே சேலத்து வெப்பத்தில் பேரியை முயல வேண்டாம்.

கன்னங்குறிச்சி வாசி

அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் பேசினேன், பூ உதிர்வது அவருக்குச் சம்மதம். கவாத்துக்கும் ஆள் இருக்கிறது. எனவே புங்கனே வைக்கிறோம். அந்த இடத்துக்கு வடக்கே நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. எவ்வளவு தள்ளி நடலாம்? சுக்கான்பாறையை என்ன செய்வது?

பதில் – அழகாபுரம் தோட்டம்

தொட்டிச் சுவரிலிருந்து குறைந்தது 15 அடி விடுங்கள்; புங்கனின் பக்கவேர் வலுவானது, வேரிலிருந்து புதுக் கன்றும் கிளம்பும். குழி 3 அடி நீளம், அகலம், ஆழம் இருக்கட்டும். வெட்டியபின் தண்ணீரை நிரப்பி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையிலும் தேங்கி நின்றால் அடியில் உள்ள சுக்கானைக் கடப்பாரையால் உடைத்து வழிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேர் அழுகும். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும் ஒரு கை வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஆடிக் கடைசியில் அல்லது ஆவணியில் நடுங்கள். சேலத்தில் அதன்பின் ஐப்பசி வரை மழை கிடைக்கும். ஆள் உயரத்துக்கு மேல் வளரும்வரை பக்கக் கிளைகளைக் கழித்து, 7 அடியில் கிளைக்க விடுங்கள்.