பழைய ஹார்டு டிஸ்க்: முழு ஃபார்மட் 43 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது

கேள்வி:
விண்டோஸ் எக்ஸ்பி இயங்கும் பழைய மேசைக் கணினியில் 80 ஜிபி ஐடிஇ (பட்டையான கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்டு டிஸ்க் ஒன்றை இரண்டாவதாக இணைத்திருக்கிறேன். முழு ஃபார்மட் செய்யும்போதெல்லாம் 43 விழுக்காட்டில் நெடுநேரம் நின்றுவிடுகிறது. உள்ளிருந்து ‘டக் டக்’ என்ற மெல்லிய ஓசையும் வருகிறது. விரைவு ஃபார்மட் மட்டும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். விரைவு ஃபார்மட் கோப்பு அட்டவணையைப் புதிதாக எழுதுவதோடு சரி. வட்டின் பரப்பை அது பார்ப்பதே இல்லை. எக்ஸ்பியின் முழு ஃபார்மட்டும் ஒவ்வொரு செக்டராக (வட்டில் தரவு பதியும் சிறு பகுதி) படித்துப் பார்த்து, படிக்க முடியாதவற்றைப் பழுது என்று குறித்துவைக்குமே தவிர, அவற்றின்மீது எதையும் எழுதாது. பூச்சியங்களை எழுதும் முறை அடுத்த பதிப்பான விஸ்டாவில்தான் வந்தது. எனவே மீண்டும் மீண்டும் ஃபார்மட் செய்வதை நிறுத்திவிட்டு, ஸ்மார்ட் அளவீடுகளில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைப்பவை) 5 (மாற்று ஒதுக்கப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள்), 199 (கேபிள் வழியே தரவு செல்லும்போது நேர்ந்த பிழைகள்) ஆகிய மூன்றின் மூல மதிப்புகளையும் பார்த்துச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
199 ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. 80 கம்பிகள் கொண்ட கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும் (முதல் டிஸ்க்), நடுவிலுள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கும் (இரண்டாம் டிஸ்க்) உரியவை. டிஸ்க் மாஸ்டரா ஸ்லேவா என்று குறிக்கும் சிறு செருகியான ஜம்பரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
5 பூச்சியம், 197 பதினாறு, 199 பூச்சியம்.

மறுமொழி 1:
அப்படியானால் கேபிள் நன்றாகவே இருக்கிறது. படிக்க முடியாத 16 செக்டர்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கின்றன. அவற்றின்மீது எழுதும்போதுதான், அவை தேறுமா, மாற்று செக்டர் ஒதுக்க வேண்டுமா என்பதை டிஸ்க் முடிவு செய்யும். தேவையான கோப்புகள் இருந்தால் முதலில் நகலெடுத்துவிட்டு, டிஸ்க் முழுவதும் பூச்சியம் எழுதுங்கள் (இதைத்தான் பலர் ‘லோ லெவல் ஃபார்மட்’ என்கிறார்கள், உண்மையான அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது). பிறகு 197 பூச்சியமாகி, 5 அப்படியே இருந்தால், முன்பு எழுதும்போது மின்சாரம் தடைபட்டதுகூடக் காரணமாக இருந்திருக்கலாம். 5 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பூச்சியம் எழுதும் கருவியை சிடியிலிருந்து துவக்குவதற்கு முன், விண்டோஸ் இருக்கும் முதல் டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட மறக்காதீர்கள்.