ஆன்டெனாவில் டிடி தமிழ் வரவில்லை, ஸ்கேன் செய்தால் பூஜ்யம்

கல்லிடை கோமதி:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் மாமாவுக்கு (மாமனார்) 81 வயது. அவருக்கு வேண்டியது டிடி தமிழ் ஒன்றுதான். அவர் வாயில் இன்னும் அது பொதிகைதான். மாடியில் ஏறினால் தெரிகிற மலையின் பெயரை எதுக்கு மாத்தினான் என்று கேட்பார். பிள்ளைகள் மொபைலிலேயே எல்லாம் பார்க்கிறார்கள் என்று போன மாதம் கேபிளை நிறுத்திவிட்டோம். லீவுக்கு வந்த கொழுந்தன் நியூஜெர்சியிலிருந்து அப்பளம் மாதிரித் தட்டையாக ஒரு ஆன்டெனா கொண்டுவந்தார். அங்கே உள்ளூர் ஸ்டேஷன் எல்லாம் அதில்தான் காசில்லாமல் வருமாம். இங்கே ஆட்டோ ஸ்கேன் போட்டால் அனலாக் 0, டிஜிட்டல் 0. ஜன்னல், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி மேல் எல்லாம் வைத்துப் பார்த்தாச்சு. கோளாறு டிவியிலா, ஆன்டெனாவிலா?

வள்ளியூர் ரிமோட்:
இரண்டிலும் இல்லை அக்கா. ஆன்டெனா பிடிப்பதற்கு நம்ம பக்கம் காற்றில் ஒன்றும் வரவில்லை.

கொழுந்தன் சொன்னது அவர் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் என்பிசி, சிபிஎஸ் போன்ற நெட்வொர்க்குகளுக்குச் சொந்தமான ஸ்டேஷன் கொஞ்சம்தான். மற்ற ஊர்களில் வேறு முதலாளிகள் நடத்துகிற, தனி லைசென்ஸ் உள்ள ஸ்டேஷன்கள் ஒப்பந்தம் போட்டு நெட்வொர்க் நிகழ்ச்சியை வாங்கி ஒளிபரப்பும். உள்ளூர்ச் செய்தியைத் தாங்களே தயாரிக்கும். 2009 ஜூனில் பெரிய ஸ்டேஷன்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறின. அந்த ஆன்டெனா அதற்கானது.

தூர்தர்ஷன் அப்படி இல்லை. கோபுரமும் டிரான்ஸ்மிட்டரும் அதுக்கே சொந்தம். நம்மூரில் நிலையம் என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் மேலிருந்து வருவதை வாங்கி அப்படியே அனுப்புகிற ரிலேதான். அந்த அனலாக் ரிலேக்களைப் படிப்படியாக மூடி, 2022 மார்ச்சுக்குள் நாடு முழுக்க ஏறத்தாழ ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவதாகத் தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதி அறிவித்தது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016-இல் 16 நகரங்களில் வந்தது. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். கல்லிடைக்குறிச்சிக்கு அது எட்டாது.

திசையன்விளை பழசு:
ரிலே மூடினதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கு. இலங்கை டிவியான ரூபவாகினி 1982-இல் ஆரம்பித்தது. எங்கள் கடற்கரைப் பக்கம் இலங்கைப் படம்தான் முதலில் தெளிவாக விழுந்தது. ரெண்டு தண்ணீர்க் குழாயை ஒன்றோடு ஒன்று சேர்த்து உச்சியில் ஆன்டெனாவைக் கட்டுவோம். ஒருத்தன் மாடியில் நின்று திருப்புவான், கீழே ஒருத்தன் "தெரியுது... போச்சு... கொஞ்சம் திருப்புடே" என்று கத்துவான். தூர்தர்ஷனின் கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு அதே குழாயை வடக்கே திருப்பினோம். கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை, மன்னிக்கணும்.

தென்காசி டிஷ்:
கோமதியக்கா, மாடியில் பழைய டிடிஎச் டிஷ் ஏதாவது சும்மா கிடக்கிறதா? எந்தக் கம்பெனி?

கல்லிடை கோமதி:
சன் டைரக்ட் டிஷ் ஒன்று இருக்கு. ரீசார்ஜ் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு. காக்கா உட்கார மட்டும்தான்.

தென்காசி டிஷ்:
அப்படியானால் பாதி வேலை முடிந்தது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையும் சன் டைரக்டும் வானத்தில் ஒரே இடத்திலிருந்துதான், 93.5 டிகிரி கிழக்கில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து, வருகின்றன. டிஷ்ஷைத் தொட வேண்டாம். இலவசச் சேவைக்கான செட்டாப் பாக்ஸ் ஒன்று வாங்கி, அந்த வயரையே செருகுங்கள். எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்புகிற புது முறை) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல் வராது. மாதக் கட்டணம் கிடையாது.

கல்லிடை கோமதி:
பாக்ஸ் வாங்கியாச்சு. சிக்னல் அளவு 85 காட்டுது, தரம் 0. அம்பையில் கடைக்காரர் டிஷ்ஷைத் திருப்பணும் என்றார். மாடியில் பக்கத்து வீட்டு அப்பளம் காய்ந்துகொண்டிருந்ததால் சாயங்காலம்தான் ஏறி, போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினோம். இன்னும் 0.

தென்காசி டிஷ்:
ஐயோ அக்கா, தொட வேண்டாம் என்றேனே!

அளவு 85 என்றால் வயரும் எல்என்பியும் (தட்டுக்கு முன்னால் கம்பி நுனியில் சிக்னலைப் பிடிக்கிற சின்னப் பெட்டி) உயிரோடு இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். படம் வருமா வராதா என்பதைத் தரம்தான் சொல்லும். முதலில் மெனுவில் 'எல்என்பி அலைவரிசை' என்ன என்று பாருங்கள். 5150 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அது பெரிய சி-பேண்ட் டிஷ்ஷுக்கானது. 9750/10600 ஆக மாற்றுங்கள். அதே மெனுவில் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் அனுப்புகிற அலைவரிசை) 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500.

பிறகு டிஷ். போன் காம்பஸில் 118 டிகிரி, அதாவது கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே சாய்ந்து. மலை உங்களுக்கு மேற்கே, அதனால் மறைக்காது. செயற்கைக்கோள் நம்மூரிலிருந்து ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஆனால் எல்என்பி கீழே தள்ளி இருக்கிற டிஷ் என்பதால் தட்டு அந்த அளவுக்கு மல்லாந்து படுக்காது. ஒரு விரல் அளவு நகர்த்தி நாலு விநாடி பொறுங்கள். அந்த மீட்டர் மெதுவாகத்தான் ஏறும்.

கல்லிடை கோமதி:
5150-தான் இருந்தது! மாற்றிவிட்டு டிஷ்ஷைத் திருப்பினோம். மகன் மாடியில், நான் ஹாலில், நடுவில் போன். 0, 0, 0, திடீரென்று 38. அதற்குமேல் ஏறவே இல்லை. எல்என்பியில் வயர் சேரும் இடத்து ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. ஆனியாடிச் சாரல் ரெண்டு வருஷம் போயிருக்கும். நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டதும் 71. மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். மூலையில் போட்டிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "இது பொதிகை இல்லையே" என்றார்.

வள்ளியூர் ரிமோட்:
2024 ஜனவரியில் மாற்றினார்கள் என்று சொல்லிப் பாருங்கள். கேட்க மாட்டார்.

சேரன்மாதேவி 2:
என்னிடம் ஏர்டெல் டிஷ் இருக்கிறது. இதே மாதிரி செய்யலாமா?

தென்காசி டிஷ்:
டிஷ்ஷையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் திருப்பியாக வேண்டும். ஏர்டெல் செயற்கைக்கோள் 108.2 டிகிரியில். டாடா பிளே என்றால் 83. டிஷ் டிவி 95, அது பக்கத்தில்தான், லேசாகத் தட்டினால் போதும். எதுவானாலும் மெனுவை முதலில் பாருங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.