புதுப்பிப்பு: சராசரி தசமத்தில் வந்தால் திட்டவிலக்கம் எப்படி?

சராசரி தசமத்தில் வந்தால் திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) எளிதாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது ஊகச் சராசரி முறைதான்: சராசரிக்குப் பக்கத்தில் ஒரு முழு எண்ணை ஊகமாக வைத்துக் கணக்கிட்டு, கடைசியில் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்வது. நான் கேட்ட கணக்கு 47, 49, 50, 52, 56, சராசரி 50.8.

50-ஐ ஊகமாக எடுத்தால் விலக்கங்கள் -3, -1, 0, 2, 6. கூடுதல் 4, வர்க்கங்களின் கூடுதல் 50. 50/5-லிருந்து (4/5)-இன் வர்க்கம் 0.64-ஐக் கழித்தால் 9.36; வர்க்கமூலம் சுமார் 3.06. கடைசியில் கழிப்பதைத்தான் பசங்க மறந்துவிடுகிறார்கள்.

சராசரியையே 51 ஆக்கி, கடைசியில் எதையும் கழிக்காமல் விடலாம் என்ற யோசனை சரிவரவில்லை, 3.07 வருகிறது.

எதிர்பாராத லாபம் ஒன்று: 49-ஐ ஊகமாக வைத்தாலும் 63/5-லிருந்து (9/5)-இன் வர்க்கம் 3.24-ஐக் கழித்தால் அதே 9.36. விடையைச் சரிபார்க்க இப்போது இதையே பயன்படுத்துகிறோம்.